மழைக்கால மேடை

குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் முடியும் வேளையில் நாடக அரங்குகளும் இசை மண்டபங்களும் களைகட்டும். இலையுதிராத நம் கோலாலம்பூரில் அப்போது மாலைதோறும் மழை. ஆயினும் நவராத்திரி முதல் மார்கழி வரை நமக்கும் அது கச்சேரிக் காலமே.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக்குக் கர்நாடக இசையைக் கொணர்ந்தது இருப்புப்பாதை எனலாம். 1881இல் தீக்கிரையான நகரைச் செங்கல்லால் எழுப்பச் சூளைகள் அமைந்த இடம் அது. 1886இல் கிள்ளான் இரயில்பாதை திறந்தது. கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்த யாழ்ப்பாணத்தார் அங்கே கந்தசுவாமி கோயில் எழுப்பினர். பிள்ளைகளுக்கு வீணையும் தேவாரமும் பயிற்றுவித்தனர்.

நம் தோட்டத்து முன்னோரோ தப்பும் கூத்தும் கொண்டுவந்தனர். மாரியம்மன் கோயில் முற்றமே அவர்களுக்கு மேடை. லயத்துத் திண்ணையே ஒப்பனை அறை. ஒரே மொழி பேசியோர் இரு கலையுலகங்களில் வாழ்ந்தனர். இதற்குத் தூரத்தை மட்டும் காரணம் காட்டுவது நேர்மையாகாது. உத்தியோகமும் சாதியும் குறுக்கே நின்றன.

1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி நிறுவிய நுண்கலைக் கோயில் பிரிக்பீல்ட்ஸில் இசையும் நடனமும் கற்பித்து வருகிறது. தோட்டங்கள் பல மறைந்தபின் நகருக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இன்று பரதம் பயில்கின்றனர். உறுமி மேளமோ அடுக்குமாடி இளைஞர் கையில் ஓங்கி ஒலிக்கிறது. கச்சேரி மேடையில்தான் அதனை நாம் அரிதாகக் காண்கிறோம்.