பீட்டா தடுப்பிகள்

பீட்டா தடுப்பிகள் என்பவை அட்ரீனலின், நோரட்ரீனலின் ஆகியவை உயிரணுக்களின் பீட்டா ஏற்பிகளில் பிணைவதைத் தடுக்கும் மருந்துகள் ஆகும். மார்பு நெரிப்பு வலி, உயர் இரத்த அழுத்தம், இதயத் துடிப்புச் சீர்கேடு, இதயச் செயலிழப்பு முதலிய நோய்களுக்கு இவை வழங்கப்படுகின்றன. புரோப்ரனலோல், அட்டெனலோல், மெட்டோப்ரொலோல் என இவற்றின் பெயர்கள் பெரும்பாலும் "லோல்" என முடிவதால், மருந்து அட்டையைப் பார்த்தே இவ்வகையை அடையாளம் காணலாம்.

செயற்படும் விதம்

அச்சம், கோபம், கடும் உழைப்பு ஆகியவற்றின்போது பரிவு நரம்பு முனைகளிலிருந்து நோரட்ரீனலினும், அண்ணீரகச் சுரப்பியிலிருந்து அட்ரீனலினும் வெளிப்படுகின்றன. இவை பிணையும் ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என இரு வகைப்படும். பீட்டா-1 ஏற்பிகள் முதன்மையாக இதயத்திலும், ரெனின் சுரக்கும் சிறுநீரக உயிரணுக்களிலும் உள்ளன. இவை தூண்டப்பட்டால் உயிரணுவினுள் சுழற்சி ஏஎம்பி என்னும் மூலக்கூறு பெருகி, இதயம் விரைவாகவும் வலுவாகவும் துடிக்கும். பீட்டா-2 ஏற்பிகள் மூச்சுக்குழல், கருப்பை, எலும்புத்தசைக் குருதிக்குழல்கள் ஆகியவற்றில் மிகுந்துள்ளன. இவற்றைத் தூண்டினால் அங்குள்ள தசை தளரும். தடுப்பி மருந்து ஏற்பியில் அமர்ந்து இடத்தை அடைத்துக்கொள்கிறதே தவிர, அதைத் தூண்டுவதில்லை (சில தடுப்பிகள் சிறிதளவு தூண்டுவதும் உண்டு).

வரலாறு

ஏற்பிகள் இரு வகைப்படும் என்ற கருத்தை அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948-இல் வெளியிட்டார். அவரது கட்டுரையை முதலில் ஒரு மருந்தியல் ஆய்விதழ் ஏற்க மறுத்தது. வெளிவந்த பின்னரும் பத்தாண்டுக் காலம் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

அதன் பயனை உணர்ந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். அக்காலத்தில் மார்பு நெரிப்பு வலிக்கு, இதயத்திற்குச் செல்லும் ஆக்சிசனைக் கூட்டும் வழியையே பலரும் தேடினர். பிளாக் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: இதயத்தின் ஆக்சிசன் தேவையையே குறைத்தால் என்ன? 1958-இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் சேர்ந்த அவரது குழு, முதலில் புரோனெத்தலோலை உருவாக்கியது. அது சுண்டெலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்த புரோப்ரனலோல் பற்றிய அறிக்கை 1964-இல் வெளியாயிற்று. பிளாக்கிற்கு 1988-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு, வேறு இருவருடன் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

புரோப்ரனலோல் பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் தடுப்பது. இதயத்தை மட்டும் குறிவைக்கும் முயற்சியில் வந்த பிராக்டலோல், கண்ணையும் தோலையும் வயிற்றறை உறையையும் கடுமையாகப் பாதித்தது. 1970-களின் நடுப்பகுதியில் அதன் மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. பின்னர் வந்த அட்டெனலோல் பரவலாக வழக்கில் நிலைத்தது.

இதயச் செயலிழப்பில் பயன்பாடு

தளர்ந்த இதயத்தின் துடிப்பு வலுவை மேலும் குறைக்கும் மருந்து ஆபத்தானது என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. தருக்கப்படி அது சரியாகவே தோன்றும். எனினும் 1970-களில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள் சில நோயாளிகளுக்கு இம்மருந்துகளைக் கொடுத்து முன்னேற்றம் கண்டனர். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், 2647 நோயாளிகளில் பைசோப்ரொலோல் பெற்றோரிடையே இறப்பு 11.8 விழுக்காடாகவும், மற்றவரிடையே 17.3 விழுக்காடாகவும் இருந்தது. தளர்ந்த இதயத்தைப் பரிவு நரம்புகள் இடைவிடாது விரட்டுவதே அதை மேலும் சிதைக்கிறது என்பது இதற்கான விளக்கம். மருந்தை மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல உயர்த்த வேண்டும். நோய் திடீரென முற்றியுள்ள நிலையில் தொடங்குவதில்லை.

எச்சரிக்கைகள்

ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புரோப்ரனலோல் உயிராபத்தை விளைவிக்கக்கூடும். மூச்சுக்குழலைத் தளர்த்தும் பீட்டா-2 ஏற்பிகள் அடைபடுவதால் மூச்சுத்திணறல் தோன்றும். அதே ஏற்பிகள் வழியே செயற்படும் சால்பியூட்டமால் உறிஞ்சு மருந்தும் அவ்வேளையில் சரிவரப் பலன் தராது. கண் அழுத்த நோய்க்கு இடப்படும் டிமோலோல் சொட்டுமருந்தும் குருதியில் கலந்து இவ்விளைவைத் தரலாம். கண்ணில் இடும் துளிதானே என்று எண்ணி, ஆஸ்துமா இருப்பதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது தவறு. இதயத்தைத் தேர்ந்து தடுப்பவையும் அளவு கூடினால் பீட்டா-2 ஏற்பிகளைத் தடுக்கும்.

இன்சுலின் பெறும் நீரிழிவு நோயாளிகளுக்குச் சர்க்கரை தாழும்போது ஏற்படும் படபடப்பை இம்மருந்துகள் மறைத்துவிடக்கூடும். வியர்வை மட்டும் மறைவதில்லை. நாட்பட உட்கொண்டவர்கள் மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது. தடுப்பு நீடிக்கும் காலத்தில் ஏற்பிகளின் எண்ணிக்கை பெருகியிருப்பதால், நிறுத்தியவுடன் அட்ரீனலினின் தாக்கம் மிகுந்து மார்பு வலியோ மாரடைப்போ ஏற்படலாம்.

பிற பயன்கள்

ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும், கைநடுக்கத்திற்கும், தைராய்டு மிகைப்பில் எழும் படபடப்பிற்கும் புரோப்ரனலோல் உதவுகிறது. குழந்தைகளின் தோலில் தோன்றும் குருதிக்குழல் கட்டிகளை இது சுருக்குவதை 2008-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் அறிவித்தனர். வேறு காரணத்திற்காக மருந்து பெற்ற குழந்தையிடம் தற்செயலாகக் கண்டது அது. கையை நடுங்காமல் வைக்கும் இதே பண்பினால், வில்வித்தை, துப்பாக்கிச் சுடுதல் போன்ற சில போட்டிகளில் பீட்டா தடுப்பிகள் தடை செய்யப்பட்டுள்ளன.