கண்ணீர்ப்பை மூக்கிணைப்பு அறுவை மருத்துவம்

கண்ணீர்ப்பை மூக்கிணைப்பு அறுவை மருத்துவம் என்பது, கண்ணிலிருந்து மூக்குக்குக் கண்ணீர் வடியும் குழாய் அடைபட்டவர்களுக்கு, கண்ணீர்ப்பையை நேரடியாக மூக்கின் உட்புறத்தோடு இணைத்துப் புதுவழி அமைப்பதாகும். மருத்துவமனைகளில் இது டி.சி.ஆர். என்ற சுருக்கப் பெயரால் வழங்குகிறது.

இமைகளின் உள்மூலையில், மேலொன்றும் கீழொன்றுமாக இரு நுண்துளைகள் உள்ளன. கண்ணீர் அவற்றின் வழியே கண்ணீர்ப்பையை அடைந்து, அங்கிருந்து எலும்புக்குள் செல்லும் குழாய் வழியாக மூக்கில் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட சொட்டு மருந்தின் கசப்பு தொண்டையில் தெரிவதும் இதனால்தான். குழாய் அடைபட்டால் கண்ணில் ஓயாமல் நீர் வடியும். பையில் தேங்கிய நீரில் கிருமிகள் பெருகிச் சீழ் கட்டும். நடுவயதைக் கடந்த பெண்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. அவர்களுக்கு எலும்புக் குழாய் குறுகலாக இருப்பதை ஒரு காரணமாகக் கூறுவர்.

நீர் வடிவதை வெறும் தொல்லை என்று பலர் விட்டுவிடுகின்றனர். சீழ்ப்பை கண்ணுக்கு அருகிலேயே இருக்கும் கிருமிக் கிடங்கு. நெல் தூற்றும்போதோ கதிர் அறுக்கும்போதோ உமியோ தாளோ பட்டுக் கருவிழியில் சிறு கீறல் விழுந்தால், அக்கிருமிகள் அதில் புகுந்து பார்வையையே பறிக்கக்கூடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 சனவரி முதல் மார்ச்சு வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் 284 பேருக்கு முன்னரே கண்ணில் காயம் பட்டிருந்தது. பாக்டீரியாக்களில் முதலிடம் நியூமோகாக்கசுக்கு. கண்ணீர்ப்பைச் சீழில் நெடுங்காலமாக அறியப்பட்டுள்ள கிருமிகளுள் அதுவும் ஒன்று.

கண்புரை அறுவைக்கும் இதே ஆபத்து உண்டு. திறந்த கண்ணுக்குள் கிருமி புகுந்தால் கண்ணே போகும். அதனால் தமிழகக் கண் மருத்துவமனைகளில் புரை அறுவைக்கு முன் கீழ்த்துளையில் மழுங்கிய ஊசி செலுத்தி உப்புநீர் பாய்ச்சிப் பார்க்கும் வழக்கம் வேரூன்றியது. நீர் தொண்டைக்கு இறங்கினால் வழி திறந்திருக்கிறது. சீழோடு எதிர்த்து வந்தால் புரை அறுவை தள்ளிப்போகும். திருச்சிராப்பள்ளி மேலப்புதூரில் உள்ள ஜோசப் கண் மருத்துவமனை, மருத்துவர் ஜோசப் ஞானாதிக்கத்தால் 1934ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. எடமலைப்பட்டி புதூர் போன்ற நகரின் தென்பகுதிகளிலிருந்து புரைக்காகச் செல்லும் முதியவர் பலருக்குத் தம் கண்ணீர்ப்பையைப் பற்றித் தெரியவருவதே இத்தகைய சோதனையின்போதுதான்.

நோய் பழையது. சுசுருத சங்கிதை கண்ணின் சந்திகளில் தோன்றும் நோய்களுள் ஒன்றாகப் பூயாலசத்தைக் கூறுகிறது. உள்மூலை வீங்கிப் பழுத்துச் சீழ் வடிவது அதன் குறி. உரோமில் செல்சசு, புரையோடிய பகுதியை எலும்பு வரை வெட்டிச் சூட்டுக்கோல் வைக்கச் சொன்னார். சீழை நிறுத்துவதே அன்றைய குறிக்கோள். கண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி எழவில்லை.

அக்கேள்வியைச் செயலில் எழுப்பியவர்களுள் பிரெஞ்சு மருத்துவர் டொமினிக் அனெல் குறிப்பிடத்தக்கவர். 1713இல் அவர் துரின் நகரில் வெளியிட்ட முறைப்படி, மெல்லிய கம்பியால் அடைப்பைத் துழாவி, நுண்முனைப் பீச்சியால் நீர் பாய்ச்ச வேண்டும். இன்று முகாம்களில் செய்யும் சோதனை அந்தப் பீச்சியின் வழிவந்ததே. 1857இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் பௌமன் நுண்குழாயைக் கீறி, படிப்படியாகத் தடித்த கம்பிகளைச் செலுத்தும் முறையைப் பரப்பினார். வலி மிகுந்த இம்முறை பலருக்கு நிலைத்த பலன் தரவில்லை. ஆகவே பையையே அகற்றிவிடுவது பரவலான வழக்கமாயிற்று. சீழ் நின்றது, நீர் வடிவது வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

திருப்பம் 1904இல் வந்தது. இத்தாலியின் புளோரன்சு நகரைச் சேர்ந்த அட்டியோ தோத்தி, பையை எடுக்காமல் அதற்கும் மூக்குக்கும் இடையே உள்ள எலும்பில் துளையிட்டு இரண்டையும் இணைத்தார். அவர் கண் மருத்துவர் அல்லர், மூக்கு மருத்துவர். கண்ணிலிருந்து பார்த்தவர்களுக்கு முட்டுச்சுவராக நின்ற எலும்பு, மூக்கிலிருந்து பார்த்தவருக்கு வாசலாகத் தெரிந்தது எனலாம். ஆயினும் அவர் அமைத்த துளை பலருக்குத் தழும்பு வளர்ந்து மூடிக்கொண்டது. 1921இல் பிரான்சின் துப்புய் துதாமும் பூர்கேயும் பையின் உட்சவ்வையும் மூக்கின் உட்சவ்வையும் மடல்களாக வெட்டி ஒன்றோடொன்று தைத்தனர். வழி நிலைத்தது. இன்றைய வெளிவழி அறுவையின் அடிப்படை இதுவே.

இம்முறையில் மூக்கின் பக்கவாட்டில் சிறு கீறலிட்டு, மெல்லிய கண்ணீர் எலும்பை உடைத்து, கடிக்கும் கருவியால் துளையைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்குவர். இரத்தக் கசிவு அதிகமுள்ள இடமாதலால் கைப்பழக்கம் மிகத் தேவை. தேவைப்பட்டால் மெல்லிய சிலிக்கான் குழாயைச் சில வாரங்கள் விட்டுவைப்பர்.

முகத்தில் தழும்பின்றி மூக்கின் உள்ளிருந்தே செய்யும் வழியை அமெரிக்கரான கால்டுவெல் 1893லேயே, அதாவது தோத்திக்கும் முன்பே, விவரித்திருந்தார். இருண்ட குறுகிய மூக்கினுள் சரியாகப் பார்க்க இயலாததால் அது பின்தங்கியது. உள்நோக்கிக் கருவிகள் வந்தபின், 1989இல் மக்டோனாவும் மெயிரிங்கும் அதைப் புதுப்பித்தனர். இந்தியாவில் ஐதராபாத்து எல். வி. பிரசாத் கண் மருத்துவமனையின் முகமது சாவேது அலி கண்ணீர்ப்பாதையைத் தனித்துறையாகவே ஆராய்ந்து, 2019ஆம் ஆண்டுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் விருதைப் பெற்றார்.

குழந்தைகளின் நிலை வேறு. பிறவியடைப்பு பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானே திறந்துகொள்ளும். உள்மூலையில் விரலால் அழுத்தி நீவிவிடும் முறையை கிரிக்ளர் 1923இல் வெளியிட்டார். தாய்ப்பாலோ எண்ணெயோ கண்ணில் விடுவது அடைப்பைத் திறக்காது.

பையை அகற்றும் பழைய அறுவையும் வழக்கொழியவில்லை. அது விரைவில் முடியும், இரத்தக் கசிவும் குறைவு. மிகவும் முதிர்ந்தவர்களுக்கும் உடல்நிலை இடம் தராதவர்களுக்கும் புரை அறுவைக்கு முன் இதையே செய்வதுண்டு. உடல் தாங்கக்கூடியவருக்கு, வயதையோ வசதியையோ மட்டும் பார்த்து இதைத் தேர்ந்தெடுப்பது முறையன்று. பை போனபின் புதுவழி அமைப்பது மிகக் கடினம். கையெழுத்து வாங்குமுன், நீர் தொடர்ந்து வடியும் என்பதை நோயாளிக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.