சஸ்பென்ஸ் கணக்கு

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை இருங்காட்டுக்கோட்டையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது. எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு அன்றைய கணக்கை முடிப்போம். தொகை பொய்யல்ல, அதற்கு இடம்தான் இல்லை. குரங்குகளைக் கவனித்தவர்களின் வரலாற்றைப் படித்தபோது, அறிவுலகத்திலும் இப்படி ஒரு கணக்கு உண்டு என்று பட்டது.

1962-ல் தார்வாடுக் காட்டில், கியோத்தோ பல்கலைக்கழகத்தின் யுகிமாரு சுகியாமா அனுமன் குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கடுவனும் பல மந்திகளும் குட்டிகளுமாக இருந்த கூட்டத்தின்மேல், துணையற்ற ஏழு கடுவன்கள் பாய்ந்தன. பழைய தலைவன் விரட்டப்பட்டான். ஏழில் ஒன்று மட்டும் தங்கியது. பிறகு குட்டிகள் ஒவ்வொன்றாகக் கடிபட்டு மறைந்தன. குட்டியிழந்த மந்திகள் விரைவிலேயே அந்தப் புதியவனோடு கூடின.

1965-ல் சுகியாமா இதை வெளியிட்டார். ஆனால் 1958 முதல் 1960 வரை இதே இனத்தை வேறு இடங்களில் கவனித்த ஃபிலிஸ் ஜே தந்திருந்தது அமைதியான, சாவதானமான ஒரு சமூகத்தின் சித்திரம். தார்வாடு அதில் பொருந்தவில்லை. நெரிசல், மனிதத் தொந்தரவு, ஏதோ நோய்க்கூறு என்று ஒதுக்கிவைப்பது எளிதாக இருந்தது.

1971-ல் அபு மலைக்குப் போன சாரா ஹ்ர்டியும் நெரிசல்தான் காரணம் என்ற ஊகத்தோடுதான் போனார். பார்த்தது அவரை மாற்றியது. குட்டி பால் குடிக்கும்வரை தாய் மறுபடி கருத்தரிப்பதில்லை. புதிய கடுவனின் ஆட்சிக்காலமோ குறுகியது. கொலைக்குக் காரணம் வெறியல்ல, இனப்பெருக்க லாபம் என்றார். அதை மறுத்தவர்களில் ஃபிலிஸ் டோலினோவும் ஒருவர். பழைய ஃபிலிஸ் ஜேதான் அவர்.

சிம்பன்ஸிகளின் கதையும் இதுவே. மனிதனைவிட மென்மையானவை என்று ஜேன் குடால் நம்பியிருந்தார். 1974 முதல் கோம்பேயில் ஒரு கூட்டத்துக் கடுவன்கள் பக்கத்துக் கூட்டத்தாரை ஒவ்வொருவராகக் கொன்றன. 1975-ல் பாஷன் என்ற தாயும் அவள் மகள் பாமும் பிற தாய்மாரின் குட்டிகளைப் பறித்துத் தின்றன. முகாமில் கொடுத்த வாழைப்பழம்தான் கெடுத்தது என்றார்கள் சிலர். 2014-ல் 18 சிம்பன்ஸிக் கூட்டங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 152 கொலைகள் தெரிந்தன. சில நேரில் கண்டவை, பல ஊகித்தவை. மனிதத் தலையீடு அவற்றை விளக்கவில்லை. நாற்பதாண்டு கழித்துத் தொகைக்குத் தலைப்பு கிடைத்தது.

விளக்கம் நியாயமாகிவிடாது. கடுவனுக்குக் கிடைக்கும் லாபத்தைச் சொல்வது, குட்டியின் சாவைச் சரியென்று சொல்வதல்ல. இதைக் குழப்பிக்கொண்டதால்தான் பலர் பார்க்கவே மறுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

நம்மிடமும் ஒரு குரங்கு இருக்கிறது. குறுந்தொகையில், கடுவன் இறந்ததும் மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர் விடுகிறது. அந்தக் கவிதை எனக்குப் பிரியமானது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு தார்வாட்டின் மந்திகளைப் பார்க்க முடியாது; அவை துக்கத்துக்குச் சாகவில்லை, கொன்றவனோடு வாழ்ந்தன.

சில வருஷங்களுக்கு முன், பெற்ற குழந்தைமேல் ஒரு தாய்க்கு வரும் வெறுப்பை எழுதிய கவிதைத் தொகுதி ஒன்றை மதிப்புரைக்க நேர்ந்தது. 'விதிவிலக்கான மனநிலை' என்று ஒரே வரியில் முடித்தேன். கவிஞர் கண்டதைத் தேதியோடு எழுதியிருந்தார். நான் அதைச் சஸ்பென்ஸில் போட்டேன்.

சுகியாமா 1976-ல் கினியாவின் போஸு கிராமத்துக்குப் போனார். அங்கே சிம்பன்ஸிகள் கல்லை வைத்துக் கல்லால் எண்ணெய்ப்பனைக் கொட்டையை உடைப்பதைப் பதிவு செய்தார். குட்டிகளின் சாவை எழுதிய அதே கை இதையும் எழுதியது. அந்தத் தொகுதியை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன்.