மலைநகர்ப் பொதுப் பூங்காக்களும் நடைவழிகளும்

நகரத்தே வாழ்வார் மரநிழலை நாடுதல் இன்று தோன்றிய வழக்கன்று. கா, பொழில், சோலை, தண்டலை எனத் தமிழில் வழங்கும் பெயர்ப் பெருக்கமே அதற்குச் சான்றாகும். ஆயின், நகரிற் சோலை இருத்தல் வேறு. அச்சோலையுட் புகுந்து உலாவும் உரிமை வேறு. அவ்வுரிமை எவர்க்கு, எவ்வாறு எய்தியது என்பதனை உதகமண்டலம், குன்னூர், கொடைக்கானல் ஆகிய மூன்று மலைநகர்களின் வரலாறு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பழைய நிலையை நோக்குதல் வேண்டும். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையிற் புகார் நகரத்துச் சோலைகள் பல கூறப்படுகின்றன. மணிமேகலை மலர் கொய்யச் செல்லுதற்கு எவ்விடம் ஏற்றது என ஆராயும் சுதமதி, இலவந்திகையில் அரசன் பரிவாரம் இருக்கும் என்றும், பிற வனங்கள் தெய்வக் காவல் உடையன என்றும் விலக்கி, உவவனம் ஒன்றனையே தேர்கின்றாள். ஆண்டும் அரசிளங்குமரன் பின்தொடர, மணிமேகலை பளிக்கறையுட் புகுந்து மறைய நேர்ந்தது. சோலை பல இருந்தும், அச்சமின்றி உலாவும் உரிமை அனைவர்க்கும் ஒருபடித்தாய் இருந்ததில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இனி, உதகமண்டலத்தை நோக்குவோம். கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராய் இருந்த ஜான் சல்லிவன் இந்நகரை உருவாக்கியவர். இங்குள்ள ஏரி அவர் காலத்தில், 1823 முதல் 1825 வரையுள்ள ஆண்டுகளில் அமைக்கப்பட்டது. தாவரவியற் பூங்காவின் தோற்றமோ பொதுமக்கள் பொழுதுபோக்கிற்காக அன்று. ஆங்குக் குடியேறிய ஐரோப்பியர், தமக்கு வேண்டும் காய்கறிகளைக் குறைந்த விலையிற் பெறும்பொருட்டுச் சந்தா செலுத்தி ஒரு தோட்டம் வைத்தனர். அம்முயற்சியே பின்னர்ப் பூங்காவாக விரிந்தது. இலண்டன் கியூ தோட்டத்திற் பயின்ற வில்லியம் கிரகாம் மக்கைவர் 1848-இல் பொறுப்பேற்றுச் சரிவும் சதுப்புமான நிலத்தைப் படிப்படியாகத் திருத்தினார். இன்று ஏறத்தாழ 55 ஏக்கர் பரப்புடையதாய் விளங்கும் இப்பூங்காவில் 1896-இல் தொடங்கிய மலர்க்காட்சியின் நூற்றாண்டு நினைவாகவே 1995-இல் இந்நகரில் ரோசாப் பூங்கா அமைக்கப்பட்டது. சந்தா செலுத்திய சிலர்க்கு உரியதாய் இருந்த தோட்டம், கட்டணம் செலுத்தும் யாவரும் புகும் இடமாய் மாறிற்று என்க.

எனினும், ஈண்டு மறத்தற்கரிய செய்தி ஒன்று உளது. இம்மலைப் புல்வெளிகள் தோடர் தம் எருமைகளை மேய்த்த நிலங்களாகும். நகரின் பெயரிலேயே தோடர் குடியிருப்பைக் குறிக்கும் 'மந்து' என்னும் சொல் அடங்கியுள்ளது என்பர். பூங்காவின் மேற்பகுதியில் இன்றும் தோடர் மந்து ஒன்று உளது. நிலத்தின்மேல் தோடர்க்குள்ள உரிமையைச் சல்லிவன் வற்புறுத்தினார் என்பது வரலாறு. ஆகவே, வெற்றிடத்தில் தோன்றியது இப்பூங்கா எனக் கூறுதல் பொருந்தாது. ஒருசாரார் கால்நடைகளோடு இயங்கிய வெளியே பிறிதொருசாரார் உலாவும் வெளியாயிற்று.

குன்னூரிலுள்ள சிம்ஸ் பூங்கா 1874-இல் தோன்றியது. மலைப்பள்ளத்தாக்கின் இயற்கைச் சரிவையும் ஆங்கிருந்த மரங்களையும் அழியாது தழுவி அமைந்தமை இதன் சிறப்பாகும். கொடைக்கானலில் மதுரை ஆட்சியர் லெவிஞ்சு 1863-இல் உருவாக்கிய ஏரி ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்புடையது. அதனைச் சுற்றிய வழி ஏறத்தாழ 5 கிலோமீட்டர். 1872-இல் கோக்கர் என்பார் மலை விளிம்பில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள நடைவழியை அமைத்தார். வனத்துறை அலுவலர் பிரயண்ட் திட்டமிட்ட பூங்கா 1908-இல் தோன்றியது. இவ்வாண்டுகளை நிரல்பட வைத்து நோக்கின், இந்நகரில் முதற்கண் நீர்நிலையும், அடுத்து நடைவழியும், இறுதியிற் பூங்காவும் தோன்றியமை புலனாகும். உதகமண்டலத்தும் ஏரியே முந்தியது.

நீர்நிலையைக் காவாது பூங்காவைப் பேணுதல் அரிது. உதகமண்டல ஏரி நாளடைவிற் சுருங்க, அந்நிலத்தில் குதிரைப் பந்தய வெளியும் பேருந்து நிலையமும் எழுந்தன. ஏரிப் பூங்காவும் அவ்வாறு பெற்ற நிலத்தில் அமைந்ததே. மக்கட்கு நன்மை தரும் பூங்காவும் நீரின் இடத்தைக் கவர்ந்து எழுதல் கூடும் என்பது இதனாற் புலப்படும்.

எனவே, இன்று பூங்காவும் நடைவழியும் அமைக்க விழையும் சிறுநகர் எதுவாயினும் மூன்று வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும். அந்நிலத்தில் முன்னர் நடந்தவர் யாவர்? அதன்வழி ஓடிய நீர் யாது? இனி அங்குப் புக இயலாதார் எவரேனும் உளரோ? இவற்றிற்கு விடை காணாது அமைக்கப்படும் பூங்கா, பெயரளவிற் பொதுவாயினும், அரசர்க்குரிய இலவந்திகையினின்றும் பெரிதும் வேறுபட்டதாகாது.