நடந்தால் வலி, நின்றால் நிம்மதி: கால் தசை வலி உணர்த்தும் காரணங்கள் என்னென்ன?

நடக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. சற்று நேரம் நின்றால் வலி அடங்கிவிடுகிறது. மீண்டும் நடந்தால், ஏறக்குறைய அதே தூரத்தில் அதே வலி திரும்புகிறது. இவ்வாறு கூறும் பெரியவர்களுக்கு வீடுகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "வயதாகிவிட்டது, தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்" என்பதே. ஆனால், நடந்தால் வருவதும் நின்றால் நீங்குவதும் மாறாத ஒழுங்காக நிகழும் வலி, தசைக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனியில் அடைப்பு இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதே அடைப்பு இதயத்துக்கும் மூளைக்கும் செல்லும் குழாய்களிலும் இருக்க வாய்ப்புண்டு என்பதால், இவ்வலியை அலட்சியப்படுத்தக் கூடாது.

நடக்கும்போது ஏற்படும் தசை வலிக்குப் பல காரணங்கள் உள்ளன. சாதாரண உடல் அயர்ச்சி முதல் முதுகுத்தண்டுக் கோளாறு, சத்துக் குறைபாடு, உட்கொள்ளும் மாத்திரை வரை அப்பட்டியல் நீள்கிறது. வலி எப்போது தொடங்குகிறது, எங்கே வலிக்கிறது, என்ன செய்தால் நீங்குகிறது ஆகிய மூன்று கேள்விகளுக்கான விடைகளே காரணத்தைக் கண்டறிய மருத்துவருக்கு முதலில் உதவுகின்றன.

தமனி அடைப்பால் வரும் வலி

ஓய்வில் இருக்கும் தசைக்குக் குறைந்த அளவு ரத்தமே போதும். நடக்கும்போது அதன் தேவை பல மடங்கு உயர்கிறது. தமனியின் உட்சுவரில் கொழுப்பும் கால்சியமும் படிந்து பாதை குறுகியிருந்தால், கூடுதல் ரத்தம் சென்று சேர்வதில்லை. ஆக்சிஜன் பற்றாக்குறையால் தசை வலிக்கிறது. நின்றவுடன் தேவை குறைவதால், சில நிமிடங்களில் வலியும் தணிகிறது. இந்நிலைக்குப் புறத்தமனி நோய் என்றும், இவ்வலிக்கு இண்டர்மிட்டன்ட் கிளாடிகேஷன் என்றும் பெயர்.

கிளாடிகேஷன் என்பது நொண்டுதல் எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிரான்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் பூலே 1831-ஆம் ஆண்டு ஒரு குதிரையிடம் இதனை விவரித்தார். மனிதர்களிடம் இதே நிலையை 1858-ஆம் ஆண்டு மருத்துவர் ஷார்கோ பதிவு செய்தார். ஜெர்மனியில் இதற்குக் 'கடை ஜன்னல் நோய்' என்ற பெயரும் உண்டு. வலி வந்தவர்கள் தெருவில் நின்று, கடையை வேடிக்கை பார்ப்பது போல ஓய்வெடுப்பதால் அப்பெயர் வந்தது.

வலிக்கும் இடமும் ஒரு தடயமாகும். அடைப்பு பொதுவாக வலிக்கும் தசைக்கு மேற்பகுதியில் இருக்கும். தொடையில் ஓடும் தமனி அடைபட்டால் கெண்டைக்காலில் வலிக்கும். வயிற்றின் கீழ்ப்பகுதியிலோ இடுப்பிலோ அடைப்பு இருந்தால் பிட்டமும் தொடையும் வலிக்கும். மேடு ஏறும்போதும் வேகமாக நடக்கும்போதும் வலி விரைவில் தொடங்கும். பாதம் சில்லிட்டிருத்தல், காலில் முடி உதிர்தல், தோல் மெலிந்து பளபளத்தல், பாதத்தின் நாடித்துடிப்பு குறைதல் ஆகியவை உடன் காணப்படலாம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

நீரிழிவு, புகையிலைப் பழக்கம், உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு மிகுதி, சிறுநீரக நோய், முதுமை ஆகியவை முக்கியக் காரணிகள். இவற்றுள் முதல் இரண்டும் இந்தியாவில் பெரும் சுமையாக உள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்தி, 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவும் 13.6 கோடி பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. 2016-17-ஆம் ஆண்டின் வயதுவந்தோர் புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் 28.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர்.

நீரிழிவு உள்ளவர்கள் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். நீண்டகால நீரிழிவு நரம்புகளின் உணர்வை மழுங்கச் செய்வதால், அடைப்பு இருந்தும் வலி தெரியாமல் போகலாம். பாதத்தில் ஆறாத புண் வந்த பிறகே சிலருக்கு நோய் தெரியவருகிறது. வலி இல்லாவிட்டாலும் பாதங்களை நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதிப்பதும், வெறுங்காலுடன் நடக்காமல் இருப்பதும் அவசியம்.

இளம் வயதினரிடம் பர்கர் நோய்

தமனி அடைப்பு முதியவர்களுக்கு மட்டுமே உரியதன்று. பெரும்பாலும் 50 வயதுக்கு உட்பட்ட, புகையிலைப் பழக்கமுள்ள ஆண்களைத் தாக்கும் பர்கர் நோயில், கை கால்களின் சிறிய, நடுத்தர ரத்தக்குழாய்கள் அழற்சியுற்று அடைபடுகின்றன. நடக்கும்போது உள்ளங்காலில் வலி, விரல்கள் நிறம் மாறுதல், விரல் நுனியில் புண் ஆகியவை இதன் அடையாளங்கள். பீடி புகைப்போரிடமும் இது காணப்படுகிறது. இந்நோயின் வளர்ச்சியைத் தடுக்கும் உறுதியான வழி, எல்லா வடிவிலும் புகையிலையை முற்றிலும் கைவிடுவதே. எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வது மட்டும் பயன் தராது.

உட்கார்ந்தால்தான் வலி தீர்கிறதா?

சிலருக்கு நடையை நிறுத்தி நின்றாலும் வலி குறைவதில்லை. உட்கார்ந்தாலோ, முன்னோக்கிக் குனிந்தாலோதான் நிம்மதி கிடைக்கிறது. இது கீழ்முதுகில் தண்டுவடக் கால்வாய் குறுகி நரம்புகள் அழுத்தப்படுவதைச் சுட்டுகிறது. இவர்களுக்கு வலியுடன் மரத்துப்போதலும் கால் பலவீனமும் சேர்ந்து வரலாம். முதுகு நிமிர்வதால் இறக்கத்தில் நடப்பது இவர்களுக்குக் கடினம். சற்றுக் குனிந்தபடி மிதிவண்டி ஓட்டும்போது பெரும்பாலும் வலி வராது. தமனி அடைப்பு உள்ளவர்களுக்கோ மிதிவண்டி ஓட்டும்போதும் கால் வலிக்கக்கூடும். சிறுநீர், மலம் அடக்க முடியாமை, தொடைகளின் உட்புறம் மரத்துப்போதல் ஆகியவை ஏற்பட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீங்கிய காலை நீவக் கூடாது

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து, கெண்டைக்கால் வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, நெடுநாள் படுக்கை, கர்ப்பம், பிரசவம் ஆகியவற்றைத் தொடர்ந்து இவ்வாறு ஏற்படும் வாய்ப்பு அதிகம். இத்தகைய காலில் எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவது ஆபத்தானது. உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலைச் சென்று அடைத்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சு வலியும் அதன் அறிகுறிகள்.

நீண்ட நேரம் நின்று பணிபுரிவோருக்கு வரும் சுருள்சிரை வலி இதிலிருந்து வேறுபட்டது. மாலையில் கால் கனத்து, கணுக்கால் வீங்கி, காலை உயர்த்தி வைத்தால் சுகம் கிடைக்கும். தமனி அடைப்பு முற்றியவர்களுக்குக் காலை உயர்த்தினால் வலி அதிகரிக்கும். கீழே தொங்கவிட்டால் குறையும்.

மாத்திரைகளும் காரணமாகலாம்

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மாத்திரைகளை உட்கொள்வோரில் சிலருக்கு இரு தொடைகளிலும் கெண்டைக்கால்களிலும் ஒரே சமயத்தில் வலியோ பலவீனமோ தோன்றலாம். மாத்திரையைத் தொடங்கிய அல்லது அளவை உயர்த்திய சில வாரங்களில், மாதங்களில் இது வருவதுண்டு. இதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. தமனி அடைப்பு உள்ளவர்களை மாரடைப்பிலிருந்து காக்கும் மருந்தும் இதுவே. ரத்தப் பரிசோதனை செய்து, அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ மருத்துவரால் இயலும். தசை வலியுடன் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் மட்டும் அன்றே மருத்துவரை அணுக வேண்டும். சிறுநீரை அதிகரிக்கும் மாத்திரைகளால் பொட்டாசியம் குறைந்தும் தசைப்பிடிப்பும் பலவீனமும் ஏற்படலாம்.

சத்துக் குறைபாடும் சுரப்பிக் கோளாறும்

வைட்டமின் டி குறைபாடு நம் நாட்டில் பரவலாக உள்ளது. குறைபாடு கடுமையாகும்போது தொடை, இடுப்புத் தசைகள் வலுவிழக்கின்றன. தரையில் அமர்ந்தால் கையூன்றாமல் எழ முடியாமை, படியேறச் சிரமம் ஆகியவை இதன் அடையாளங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் தசை வலி, சோர்வு, உடல் எடை கூடுதல் ஆகியவை சேர்ந்து வரலாம். இவ்விரண்டையும் ரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து எளிதில் சரிசெய்ய இயலும்.

ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குக் காலையில் எழும்போது தோள்களும் இடுப்பும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் விறைத்து வலித்தால், பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற அழற்சி நோயையும் மருத்துவர்கள் கருத்தில் கொள்வர்.

அயர்ச்சியால் வரும் வலி

பழக்கமில்லாத தூரம் நடந்தாலோ, மலைக்கோயில் படிகள் ஏறி இறங்கினாலோ மறுநாள் வரும் தசை வலி இயல்பானது. அது பொதுவாக ஒன்று முதல் மூன்று நாட்களில் உச்சத்தை எட்டி, ஒரு வாரத்துக்குள் தானாகவே மறையும். ஓய்வில் இருக்கும்போதும் தசையைத் தொட்டாலே வலிக்கும் என்பதால் அடைப்பு வலியிலிருந்து இதனைப் பிரித்தறியலாம். நடக்கையில் கெண்டைக்காலில் 'பட்' என அறுந்தது போன்ற உணர்வுடன் வலி தாக்கினால், தசை கிழிந்திருக்கவோ குதிகால் நாண் அறுந்திருக்கவோ கூடும்.

எளிய பரிசோதனை ஒன்று

தமனி அடைப்பை அறிய ஊசியோ மயக்க மருந்தோ இல்லாத எளிய பரிசோதனை உள்ளது. நோயாளியைப் படுக்கவைத்து, டாப்ளர் கருவியின் துணையுடன் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் அளக்கப்படும். கணுக்கால் அளவை, கையின் அளவால் வகுத்தால் கிடைப்பது கணுக்கால்-கை அழுத்தக் குறியீடு. கையில் 140, கணுக்காலில் 98 எனில் குறியீடு 0.70. இது 1.00 முதல் 1.40 வரை இருப்பது இயல்பு. 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு உள்ளதாகக் கருதப்படும்.

நீரிழிவால் தமனிச் சுவர் கெட்டிப்பட்டவர்களுக்குக் குறியீடு 1.40-ஐத் தாண்டிப் பொய்யாக உயர்ந்து காட்டலாம். அப்போது கால் பெருவிரலின் அழுத்தம் அளக்கப்படும். ஓய்வில் குறியீடு இயல்பாக இருந்தும் அறிகுறிகள் தெளிவாக இருந்தால், நடக்கவைத்த பின் மீண்டும் அளப்பர். தேவைப்பட்டால் டாப்ளர் ஸ்கேன், சி.டி. ஆஞ்சியோகிராம் ஆகியவற்றுக்குப் பரிந்துரைப்பர்.

நடையே சிகிச்சை

நடந்தால் வலிக்கிறது என்பதற்காக நடையை நிறுத்திவிடுவதே பலரும் செய்யும் தவறு. தமனி அடைப்பால் வரும் கிளாடிகேஷன் வலிக்கு, முறைப்படுத்தப்பட்ட நடைப்பயிற்சியே முதல்நிலைச் சிகிச்சைகளுள் ஒன்று. மிதமான வலி வரும்வரை நடந்து, நின்று வலி தீர்ந்தபின் மீண்டும் நடக்க வேண்டும். ஓய்வு நேரத்தையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடங்கள், வாரத்துக்கு மூன்று நாட்கள், குறைந்தது 12 வாரங்கள் இதனைத் தொடர்ந்தால், வலியின்றி நடக்கும் தூரம் கூடுகிறது. காலில் புண் உள்ளவர்களும் இதய நோயாளிகளும் மருத்துவரின் ஆலோசனைக்குப் பிறகே இதனைத் தொடங்க வேண்டும்.

புகையிலையைக் கைவிடுதல், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைத்தல், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை ஆகியவை சிகிச்சையின் பிற பகுதிகள். இவற்றால் குணமடையாதவர்களுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி அல்லது பைபாஸ் அறுவை சிகிச்சை செய்யப்படும். புகையிலையைக் கைவிட விரும்புவோர் மத்திய சுகாதார அமைச்சகத்தின் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். 30 வயதுக்கு மேற்பட்டோருக்கான நீரிழிவு, ரத்த அழுத்தப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார மையங்களில் செய்யப்படுகிறது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ஓய்விலும், குறிப்பாக இரவில் படுத்திருக்கும்போது பாதம் வலிப்பது, இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், விரல் கறுத்தல் ஆகியவை அடைப்பு முற்றியதைக் காட்டுகின்றன. திடீரெனக் கால் வெளுத்துச் சில்லிட்டு, மரத்து, அசைக்க முடியாமல் போனால் அது அவசர நிலை. சில மணி நேரத் தாமதமும் காலை இழக்கக் காரணமாகலாம் என்பதால், உடனடியாக 108 அல்லது 112 என்ற எண்ணை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கிளாடிகேஷன் வலி உள்ளவர்களில் பெரும்பாலானோர் காலை இழப்பதில்லை. அவர்களின் உயிருக்குப் பெரிய அச்சுறுத்தலாக இருப்பவை மாரடைப்பும் பக்கவாதமுமே. எனவே, எத்தனை மீட்டர் நடந்தால் வலி வருகிறது, நின்றால் எத்தனை நிமிடத்தில் தீர்கிறது, என்னென்ன மாத்திரைகள் உட்கொள்ளப்படுகின்றன என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவரைச் சந்திப்பது நல்லது. காலில் தொடங்கும் அந்த எச்சரிக்கையை உரிய நேரத்தில் கவனித்தால், இதயத்தையும் காத்துக்கொள்ள முடியும்.

இக்கட்டுரையில் இடம்பெற்றுள்ள தகவல்கள் பொதுவான புரிதலுக்கானவை. எந்தவொரு மருந்தையும் பயிற்சியையும் தொடங்கும் முன்போ நிறுத்தும் முன்போ மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.