ஸபூரும் ஸபுரும்



வேதங்கள் நான்கும் எவை என்று கேட்டால் தரம் மூன்று பிள்ளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும்: தவ்ராத், ஸபூர், இன்ஜீல், குர்ஆன். ஸபூரில் என்ன இருந்தது என்று கேட்டால் பெரியவர்களும் யோசிப்போம். "ஸபூர் என்றால் பொறுமை" என்று விடைத்தாளில் எழுதிவிடும் பிள்ளைகளும் உண்டு. பொறுமையைக் குறிக்கும் ஸபுர் வேறு சொல். அது ஸாத் எழுத்தில் தொடங்கும், ஸபூர் ஸாயில் தொடங்கும். ஆனாலும் பொருளில் இரண்டும் அவ்வளவு தூரமில்லை.

தாவூத் (அலை) அவர்களுக்கு ஸபூரைக் கொடுத்ததாக அல்குர்ஆன் இரண்டு இடங்களில் சொல்கிறது (4:163, 17:55). ஸபூரில் 150 அத்தியாயங்கள் இருந்தன, ஹலால் ஹராம் சட்டம் எதுவும் அதில் இல்லை, ஞானமும் உபதேசமுமே இருந்தன என்று 13ஆம் நூற்றாண்டின் இமாம் குர்துபி எழுதுகிறார்.

யூதர்களின் வேதத்திலும் கிறிஸ்தவர்களின் பைபிளிலும் இருக்கும் தொகுப்பிலும் 150 பாடல்களே. ஹீப்ரு மொழியில் 'தெஹில்லீம்', அதாவது புகழ்ப்பாக்கள். தமிழில் புரட்டஸ்தாந்தர்கள் சங்கீதம் என்பார்கள், கத்தோலிக்கர்கள் திருப்பாடல்கள் என்பார்கள். இவை எழுத்துக்கு எழுத்து தாவூத் நபிக்கு அருளப்பட்டவை என்று நாம் நம்புவதில்லை. அந்தத் தொகுப்பும் அப்படிச் சொல்லவில்லை. 73 பாடல்களின் தலைப்பில்தான் தாவூதின் பெயர் இருக்கிறது. 12 பாடல்கள் ஆசாப் என்பவர் பெயரில், ஒன்று மூஸா நபியின் பெயரில். ஆனால் ஸபூரில் எழுதப்பட்டதாக அன்பியா சூரா (21:105) சொல்லும் செய்தி, பூமி நல்லடியார்களுக்கே உரியதாகும் என்பது, 37ஆம் பாடலில் இன்றும் இருக்கிறது.

நமது வெண்பாவைப் போல எதுகையும் சீரும் எண்ணிக் கட்டிய பாட்டல்ல இது. ஓர் அடி ஒரு கருத்தைச் சொல்லும், அடுத்த அடி அதையே வேறு சொல்லால் திரும்பச் சொல்லும், அல்லது அதற்கு எதிரானதைச் சொல்லும். ஒக்ஸ்போர்டில் ரொபர்ட் லோத் என்ற அறிஞர் 1753இல் வெளியிட்ட விரிவுரைகளில் இதை விளக்கினார். ஓசை மொழிபெயர்ப்பில் போய்விடும், இணைந்து வரும் கருத்து போகாது. அதனால்தான் இந்தப் பாடல்கள் எந்த மொழிக்கும் போயின. நமது யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் தமிழாக்கத்தில் உடனிருந்து உழைத்தவர் சைவரான நல்லூர் ஆறுமுக நாவலர் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

பெயர் புகழ்ப்பா என்றாலும், இந்தத் தொகுப்பில் அதிகமாக இருப்பவை முறையீடுகள். நோயாளி, பொய்க்குற்றம் சுமத்தப்பட்டவர், நண்பனால் கைவிடப்பட்டவர் எல்லோரும் இறைவனிடம் வாய்விட்டுப் பேசுகிறார்கள். எங்கே போனாய், எவ்வளவு காலம் என்று கேட்கிறார்கள். பெரும்பாலான முறையீடுகள் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88ஆம் பாடல் திரும்புவதில்லை, இருட்டிலேயே முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் வெட்டி எறியவில்லை.

கி.மு. 586 அளவில் பாபிலோனின் நெபுகத்நேசர் ஜெருசலேமை அழித்து, சுலைமான் நபி கட்டிய ஆலயத்தையும் எரித்து, மக்களைப் பிடித்துக்கொண்டு போனான். ஆலயத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, பாட்டைக் கொண்டு போகலாம். 137ஆம் பாடல் அந்த அகதிகளின் அழுகை. அதன் முடிவு பயங்கரமானது: எதிரியின் குழந்தைகளும் அழிய வேண்டும் என்ற சாபம். 1971இல் வந்த கத்தோலிக்க நாளாந்த செபநூலில் அந்த வரிகளையும், 58, 83, 109ஆம் பாடல்களை முழுமையாகவும் விட்டுவிட்டார்கள். காரணம் புரிகிறது. ஆனாலும் ஊரை இழந்தவனின் ஆத்திரம் கத்தியாகாமல் இறைவனிடம் சொன்ன சொல்லாக நின்றதை அந்த வரிகளில்தான் பார்க்கிறோம். வரலாறு படிப்பிக்கும் ஒருவனாக அந்த வரிகளும் இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இங்கேதான் ஸபூர் ஸபுரிடம் வருகிறது. ஜனாஸா வீட்டில் அழுகிற தாயிடம் "ஸபுர் செய்யுங்கோ" என்கிறோம். பல நேரம் அதன் பொருள் "வாயை மூடுங்கோ" என்பதுதான். ஆனால் யஃகூப் (அலை) தன் துக்கத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அய்யூப் (அலை) தனக்கு நேர்ந்த துன்பத்தை அவனிடம் சொன்னார்கள். அப்படிச் சொன்ன அய்யூபைத்தான் அல்லாஹ் பொறுமையாளர் என்று புகழ்கிறான் (38:44). நமது நபி (ஸல்) அவர்கள் மகன் இப்ராஹீம் மரணித்தபோது கண்ணீர் விட்டார்கள். இறைவனை விட்டு விலகி முறையிடுவது வேறு, இறைவனிடமே முறையிடுவது வேறு.

தமிழ் முஸ்லிம் புலவர்கள் பாடிய முனாஜாத்து இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அந்தச் சொல்லுக்கே அந்தரங்கமாகப் பேசுதல் என்று பொருள். உங்கள் உம்மம்மாவுக்கோ வாப்பும்மாவுக்கோ ஒரு முனாஜாத்து மனப்பாடமாக இருந்தால், அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். முடிந்தால் கீழே கருத்தில் பகிருங்கள், மாணவர்களுக்குக் காட்டுவேன்.