காலின் விசையும் கையின் விசையும்: மலைச் சைக்கிளின் பின்சில்லுக் கதை

மலைச் சைக்கிளின் வரலாறு ஒரு பிரேக் பிரச்சினையோடதான் தொடங்குது எண்டு சொல்லலாம். 1976 ஒக்டோபரில், கலிபோர்னியாவின் மரின் பகுதியில் ஃபேர்ஃபக்ஸ் ஊருக்குப் பக்கத்து மலைப்பாதையொன்றில் சில இளைஞர்கள் போட்டி வைத்து இறங்கினார்கள். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெலி எல்லாரும் அந்தக் கூட்டத்து ஆட்கள். கையில் இருந்தவை 1930, 40களில் செய்த பாரமான சைக்கிள்கள். பலவற்றில், பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கிற பிரேக்தான். மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய தூரத்தில் ஏறக்குறைய 400 மீற்றர் இறக்கம். கீழே வந்து சேரும்போது பின்சில்லின் நடுவில் இருந்த கிரீஸ் புகைந்து போயிருக்கும். திரும்பவும் கிரீஸ் அடைக்க வேணும். அந்தப் பாதைக்கு 'ரீபக்', அதாவது 'திரும்ப அடைத்தல்', எண்டு பெயர் வந்தது இப்படித்தான்.

அடுத்த பதினைந்து வருடங்களுக்குள் முன்சில்லுக்கு ஷொக் வந்துவிட்டது. 1990இல் டுராங்கோவில் நடந்த உலக சம்பியன்ஷிப்பில் டவுன்ஹில் போட்டியை வென்ற கிரெக் ஹெர்போல்ட், ரொக்ஷொக்ஸின் முன் ஷொக்கோடுதான் இறங்கினார். அப்ப பின்சில்லுக்கும் அதே மாதிரி ஒன்றைப் பூட்டினால் போதும்தானே? போதாது. முன்சில்லில் செயின் இல்லை. பின்சில்லில் செயினும் இருக்கு, பிரேக்கும் இருக்கு. காலின் விசையும் கையின் விசையும் அசைகிற அதே பின்சட்டத்துக்குள்தான் வந்து சேருது.

முதலில் காலைப் பார்ப்போம். பெடலை அழுத்தினால் சைக்கிள் முன்னுக்குப் பாயும், பாரம் பின்னுக்குச் சாயும், ஷொக் அமுங்கும். ஒவ்வொரு மிதிக்கும் இப்படி நடந்தால் எங்கட சக்தியில் ஒரு பங்கு சைக்கிளை மேலும் கீழும் ஆட்டுவதிலேயே போய்விடும். பின்சட்டம் அசைகிற கீலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால், செயினின் இழுவையே அந்த அமுங்கலை எதிர்க்கும். ஆனால் அளவு மீறினால் வேறு தொல்லை. சில்லு கல்லில் ஏறும்போது செயினுக்குக் கூடுதல் நீளம் தேவைப்படும். அது பெடலைப் பின்னுக்கு இழுத்து எங்கட காலைத் தட்டும்.

1990களின் நடுவில் சிலர் இதற்குக் குறுக்கு வழி கண்டார்கள். பெடலையும் பின்சில்லையும் ஒரே அசையும் சட்டத்தில் வைத்தார்கள். செயினின் நீளம் மாறாது, காலில் தட்டாது. ஆனால் பெடலில் எழுந்து நின்றால், எங்கட பாரம் முழுக்க அந்தச் சட்டத்திலேயே ஏறி ஷொக்கை இறுக்கிவிடும். இறக்கத்தில் நாங்கள் எழுந்து நின்றுதானே ஓடுறோம்? ஷொக் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் அது வேலை செய்யாது. அந்த வடிவம் நீண்ட நாள் நிலைக்கவில்லை.

இனி கை. ஒற்றைக் கீல் சைக்கிளில் பிரேக் நேரடியாகப் பின்சட்டத்தில்தான் பூட்டப்பட்டிருக்கும். பிரேக்கைப் பிடித்ததும், சுழல்கிற சில்லு அந்தச் சட்டத்தையும் தன்னோட சேர்த்துச் சுழற்றப் பார்க்கும். இது ஷொக்கை அமுக்கும். அதே நேரம் பாரம் முன்னுக்குப் போவதால் பின்பக்கம் உயரப் பார்க்கும். இரண்டும் சமமானால் சைக்கிள் நிலையாக நிற்கும். அமுக்குவது மிஞ்சினால், கல்லும் குழியும் வரும் இடத்தில் சில்லு நிலத்தோடு ஒட்டி ஓடாது. உயர்வது மிஞ்சினால், செங்குத்து இறக்கத்தில் ஓடுபவர் முன்னுக்குக் கவிழப் பார்ப்பார்.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஹோர்ஸ்ட் லைட்னர். ஒஸ்திரியாவில் பிறந்து கலிபோர்னியாவில் வேலை செய்த மோட்டார் சைக்கிள்காரர். மோட்டார் சைக்கிளிலும் செயின் இழுவையோடு மல்லுக்கட்டியவர். பின்சில்லின் அச்சுக்குச் சற்று முன்னால் அவர் இன்னொரு கீலை வைத்தார். பிரேக்கும் அச்சும் முன் கீலில் நேரடியாகச் சுழலாத வேறொரு துண்டுக்குப் போயின. சில சென்ரிமீற்றர் தள்ளி ஒரு கீல், அவ்வளவுதான். அந்தச் சில சென்ரிமீற்றருக்குக் காப்புரிமை வந்தது. பிறகு அதை ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் வாங்கியது. அமெரிக்காவில் அந்த இடத்தில் கீல் வைக்க விரும்பிய மற்ற நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் வேறு வழி தேட வேண்டியிருந்தது. ட்ரெக் நிறுவனமும் டேவ் வீகலும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கீலை அச்சின் மேலேயே கொண்டுபோய் வைத்தார்கள்.

அதே வீகலின் இன்னொரு வடிவம், மிதிக்கும்போது ஷொக் அமுங்காத அளவுக்கு மட்டும் செயின் இழுவையைப் பயன்படுத்துது. அது பூட்டிய சைக்கிளில்தான் சாம் ஹில் 2007இல் ஃபோர்ட் வில்லியமில் உலக சம்பியன் ஆனார். 2018இல் உலகக் கிண்ணத் தொடரை வென்ற அமோரி பியெரோனின் சைக்கிள் வேறு பாதை எடுத்தது. கீலை மிக உயரத்தில் வைத்து, செயினை ஒரு கூடுதல் பற்சில்லின் மேலால் ஓட விட்டார்கள். கல்லில் இடிக்கும்போது சில்லு பின்னுக்கு விலகும், காலில் தட்டாது. பதிலுக்குக் கொஞ்சம் உராய்வு கூடும்.

இந்த வரலாற்றில் 'பிரச்சினை தீர்ந்தது' எண்டு சொன்ன விளம்பரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் எந்த வடிவமும் அந்த இரண்டு விசைகளையும் இல்லாமல் ஆக்கவில்லை. ஒரு இடத்தில் குறைத்ததை இன்னொரு இடத்தில் கொடுத்தார்கள். எங்கட ஊர்க் கடைகளிலும் நடுவில் தடித்த ஸ்பிரிங் வைத்த மலிவான சைக்கிள்கள் தொங்குது. வாங்க முதல் கீல் எங்க இருக்கு, பிரேக் எதில பூட்டியிருக்கு எண்டு ஒருக்காப் பாருங்கோ. தட்டையான தார் றோட்டில்தான் ஓடப் போறீங்கள் எண்டால், அந்த ஸ்பிரிங் உங்கட காலிடம் வாங்குவது கூட, திருப்பித் தருவது குறைவு.